மூணு நியான் ட்ராகனும் 1,500 ரூபாயும்

கேள்வி: அக்கா, என் பையன் ஆறாம் கிளாஸ் படிக்கான். அவிய அப்பா சவுதியில. போன்ல ரோப்லாக்ஸ்ங்கற கேம் ஆப்ல 'அடாப்ட் மீ'ன்னு ஒரு கேம், ட்ராகன் யூனிகார்ன் எல்லாம் வளத்து ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிடுவாங்களாம். போன வாரம் எவனோ ஒருத்தன் 'உன் மூணு நியான் ட்ராகனையும் தா, என்ட்ட ஒண்ணு இருக்கு, சேத்து மெகா ஆக்கித் தாறேன்'னு வாங்கிட்டு ஆளக் காணல. ரெண்டு நாளா பையன் சரியா சாப்பிடல. இப்ப வேற ஒருத்தன் 1,500 ரூபாய் ஜிபே பண்ணுனா அதே மாதிரி தாறானாம், வாங்கித் தாங்கன்னு ஒரே அழுக. வெறும் பொம்மப் படத்துக்கு இப்பிடியா? கேமையே அழிச்சிரட்டுமா?
- தக்கலை வாசகி

பதில்: அழிக்காதீங்க தங்கச்சி. 1,500 ரூபாயும் குடுக்காதீங்க. காரணம் சொல்லுதேன், கொஞ்சம் நீளமா போவும், அடுப்புல ஏதும் கெடந்தா இறக்கி வச்சிட்டு வாங்க.

அந்த 'வெறும் பொம்மப் படம்' இருக்கே, அத முதல்ல கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு ட்ராகன் குட்டியா வந்து முழுசா வளர ஆறு பருவம். பசின்னா தீனி, தாகம்னா தண்ணி, அழுக்கானா குளிப்பாட்டணும், தூக்கம் வந்தா படுக்க வைக்கணும், இப்பிடி ஒவ்வொண்ணா செஞ்சாத்தான் அடுத்த பருவம், அதுலயும் ட்ராகன் லெஜண்டரி, அதாவது ரொம்ப அரிதான வகை, மத்ததவிட மெதுவாத்தான் வளரும். முழுசா வளந்த நாலு சேந்தா ஒரு நியான், ஒடம்புல அங்கங்க வெளிச்சம் அடிக்கும். நாலு நியான் சேந்தா மெகா, அது கலர் கலரா மாறும். அப்ப மூணு நியான்னா பன்னெண்டு ட்ராகன். உங்க பிள்ள பன்னெண்டு ட்ராகனுக்கு சோறு போட்டு வளத்திருக்கான், மெகாவுக்கு இன்னும் நாலுதான் பாக்கி. அந்த நேரத்துல கைய விட்டுப் போனா யாருக்கானாலும் சோறு எறங்குமா?

1996ல ஜப்பான்ல டமகோச்சின்னு முட்ட மாதிரி ஒரு பொம்ம வந்துது, பட்டன அமுக்கி தீனி போடணும். எங்க மாமா துபாய்ல இருந்து ஒண்ணு கொண்டு வந்தாவ. பரீட்ச அன்னைக்கு வீட்டுல மறந்து வச்சிட்டுப் போயிட்டேன், வந்து பாத்தா செத்துப் போச்சு. நான் ஏங்கி ஏங்கி அழுவேன், அம்மை பலாச்சக்கை வெட்டிக்கிட்டு இருந்தவ நிமிரக்கூட இல்ல, 'செத்துட்டா, சரி, போய் கோழிக்கு தண்ணி வை'ன்னா. இப்பவும் அது ஞாபகம் இருக்கு பாத்துக்கிடுங்க.

சரி, ஏன் குடுத்தான்? லெஜண்டரி மாதிரி பெரிய வகைய மாத்தணும்னா அந்த கேம்ல ட்ரேடிங் லைசென்ஸ் எடுக்கணும், ஏமாத்துறத பத்தி கேள்வி கேப்பாங்க, சரியா பதில் சொன்னாத்தான் கெடைக்கும். அதுல பாஸ் ஆனவன்தான் உங்க பையன். (நம்ம ஊர்ல லைசென்ஸ் வாங்குன அன்னைக்கே பைக்க ஓடையில விட்டவங்க இல்லையா.) அவன் ஏமாளி இல்ல. தோவாளையில பூவ கடையில போட்டுட்டு கணக்க பொறவு பாக்கலாம்னு போறவங்க உண்டு, ஏன்னா கடக்காரர் வீடு தெரியும், அவரு மச்சான் யாருன்னு தெரியும், ஓணத்துக்கு பூ வேணும்னா அவரும் இவங்கட்ட வந்துதான் ஆவணும். கேம்ல எதுத்தாப்ல நிக்கவன் பேரு கூட நெசப் பேரு கெடையாது. ரெண்டு பேர் பொருளும் ஸ்கிரீன்ல ஒரே ஜன்னல்ல தெரிஞ்சு, ரெண்டு பேரும் ஓகே குடுத்து, மறுபடியும் ஒரு தடவ உறுதி பண்ணுனாத்தான் அங்க ட்ரேடு. அந்த ஜன்னல்ல இல்லாதது எதுவும் கணக்குலயே வராது. 'இப்ப தா, பொறவு தாறேன்'ங்கறதுக்கு அங்க ட்ரஸ்ட் ட்ரேடுன்னு பேரே இருக்கு, அவ்வளவு சாதாரணம். இத திட்டாம, பூக்கட மாதிரியே ஒக்கார வச்சு சொல்லுங்க, புரிஞ்சுக்கிடுவான்.

அந்த 1,500 விஷயம் இன்னும் மோசம். கேமுக்கு வெளிய நெசப் பணத்துக்கு விக்கதும் வாங்கதும் விதிக்கே ஆவாது, தெரிஞ்சா உங்க பையன் அக்கவுண்டே போயிரும். பணம் வாங்குனவன் தருவான்னும் என்ன உறுதி, முதல்ல எடுத்தவனே வேற பேர்ல வந்திருக்கலாம். ஒருவேள அவசரத்துல ஏற்கனவே ஜிபே பண்ணியிருந்தா, வெக்கப்படாம ஒடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பணம் கேட்டவன் நம்பர இன்னைக்கே பிளாக் பண்ணுங்க. பாஸ்வேர்டு யாருட்டயும் சொல்லியிருக்கானான்னு கேட்டு மாத்துங்க, பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்குற டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு வைங்க. எடுத்துட்டுப் போனவன கேம்லயே ரிப்போர்ட் பண்ணலாம், ஆனா ட்ராகன் திரும்பி வரும்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.

கேம அழிக்க வேண்டாம்னு ஏன் சொன்னேன்னா, அவன் ஒங்ககிட்ட வந்து சொல்லிட்டான் பாருங்க. இப்ப அழிச்சா அடுத்த தடவ எவனாவது போட்டோ கேட்டான்னாலும் சொல்ல மாட்டான். நேரத்த மட்டும் கொறைங்க, ஒரு மணி நேரம், ஹால்ல ஒக்காந்து. வேணும்னா பக்கத்துல இருந்து கேம்ல ஒரு முட்டைய அவனோட சேந்து பொரிச்சுப் பாருங்க, நான் பாத்தேன், எனக்கு கெடச்சது ஒரு சாதா பூன.

அவிய அப்பாட்ட இத நீங்க முந்திக்கிட்டு சொல்லாதீங்க. வெள்ளிக்கிழம வீடியோ கால்ல அவனே சொல்லட்டும், நீங்க பக்கத்துல மட்டும் இருங்க.