முள் காட்டுவது உண்மையா? ஸ்போர்ட்ஸ் கார் டெம்பரேச்சர் மீட்டர்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னுடையது எம்ஜிபி என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மின்சார மீட்டர் உள்ள மாடல். வண்டி எடுத்த சிறிது நேரத்திலேயே டெம்பரேச்சர் முள் உச்சிக்குப் போய்விடுகிறது. இன்ஜின் கொதிப்பதாகத் தெரியவில்லை. மீட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள் தம்பி. முதலில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். அதுவும் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரில்தான் கோளாறு. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டி அது. உள்ளே சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டி, சராசரியாக 10 வோல்ட்டை மீட்டர்களுக்கு அனுப்பும். எர்த், அதாவது பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, விட்டுப்போனால் வெட்டுவது நின்று பேட்டரியின் முழு வோல்டேஜும் போய்ச் சேரும். பெட்டி பாடியோடு சேரும் இடத்தைத் துரு போகத் தேய்த்து இறுக்குங்கள்.

பெட்ரோல் முள் சரியென்றால், இன்ஜினில் சூட்டை உணரும் சென்சார் பக்கம் போங்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், முள் ஏறும். சாவி போட்டு, சென்சார் ஒயரைக் கழற்றுங்கள். முள் அடிக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது. இறங்கினால் அதே ஒயரை இன்ஜின் பிளாக்கில் தொடுங்கள். முள் ஏறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். பிடித்தே இருந்தால் மீட்டருக்குள் சுருள் கருகிவிடும். இரண்டும் சரியாக நடந்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது.

பதில்: இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டையில்தான் கோளாறு. லைட் எரியும்போது மல்டிமீட்டரை இன்ஜின் பிளாக்குக்கும் பாடிக்கும் நடுவில் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: புது சென்சார் போட்டேன், முள் அசையவே இல்லை.

பதில்: மரையில் டெஃப்லான் டேப் சுற்றினீர்களா? ஒற்றை ஒயர் சென்சாருக்கு மரைதான் எர்த். டேப்பை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் முள் இறங்குகிறது, நெரிசலில் நடுவுக்கு வருகிறது.

பதில்: மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட், மூடாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: என் புதிய காரில் முள் எப்போதும் நட்டநடுவில். நல்லதுதானே?

பதில்: பல புதிய கார்களில் நடுப்பகுதி முழுவதும் வேண்டுமென்றே அசையாதபடி வைத்திருக்கிறார்கள். இருபது டிகிரிக்கு மேல் ஏறினாலும் முள் நகராது. காரின் கம்ப்யூட்டர் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ரீடர் மாட்டி, சூட்டின் எண்ணைப் பாருங்கள்.

இன்னொருவர்: ஓட்டுபவர் வீணாகப் பயப்படக் கூடாது என்றுதானே அப்படி வைத்தார்கள்? ஆபத்தென்றால் சிவப்பு விளக்கு எரியுமே.

பதில்: இதை என்னால் ஏற்க முடியாது. பல கார்களில் அந்த விளக்குக்குச் செய்தி தருவதும் அதே சென்சார்தான். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். சூடு சரியாக எட்டாது. இன்ஜினின் சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கும், விளக்கும் எரியாமல் போகலாம். முள் மெல்ல ஏறுவதை முன்பே பார்த்தவர் வண்டியை ஓரம் கட்டியிருப்பார். ஸ்போர்ட்ஸ் காரை விரட்டி ஓட்டுபவருக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் இன்ஜினையே காப்பாற்றும். பயம் வரட்டும், பரவாயில்லை.

அவரே மீண்டும்: எல்லோரும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்களா?

பதில்: பார்ப்பவருக்காவது உண்மை தெரியட்டும் என்கிறேன்.

கேள்வி: என் முள்ளும் உச்சியில் நிற்கிறது. மீட்டர் மாற்றலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆரம்பகால எம்ஜிபி. மீட்டரிலிருந்து இன்ஜினுக்கு மெல்லிய குழாய் போகிறது. முள் செத்துவிட்டது.

பதில்: அது ஈத்தர் நிரப்பிய குழாய், அதன் ஆவி அழுத்தம்தான் முள்ளைத் தள்ளுகிறது. ஒயர் சோதனை எதுவும் இதற்குப் பொருந்தாது. குழாய் விரிசல் விட்டு ஈத்தர் போயிருக்கும். வெட்டி ஒட்டப் பார்க்காதீர்கள். மீட்டரோடு முழுதாகக் கழற்றி, பழைய மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: ஏசி குளிரவில்லை...

பதில்: ஏசி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: முள் சிவப்பில். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்கவா?

பதில்: வேண்டவே வேண்டாம்! அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கையில் சுடாமல், அழுத்தினால் மெத்தென்று ஆகும்வரை காத்திருங்கள்.