தினமும் பார்ப்பதாலேயே ஒருவர் மேல் காதல் வந்துவிடுமா?

கேட்டவர் நிலைமை இதுதான்: காலைப் பேருந்தில் ஒரு பெண்ணை எட்டு மாதமாகப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பெண் வராத நாளில் மனசு என்னவோபோல் இருக்கிறதாம்.

ஈர்ப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் பாதி வேலையைச் செய்தது நீங்களும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. பேருந்து வரும் நேரம்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மோர்லேண்ட், பீச் என்ற இருவர் செய்த சோதனை ஒன்று 1992-இல் வெளியானது. தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நான்கு பெண்கள். ஒருவர் ஒரு வகுப்புக்கு 15 முறை போனார், இன்னொருவர் 10, மற்றொருவர் 5, நான்காமவர் போகவே இல்லை. எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார வேண்டும், யாரோடும் பேசக் கூடாது. கடைசியில் நால்வரின் படத்தையும் மாணவர்களிடம் காட்டினால், அதிக முறை வந்தவரைத்தான் அதிகம் பிடித்திருந்தது. 'பார்த்த முகம்' என்ற நினைப்பு அவ்வளவாக இல்லை. பிடித்துப்போவது மட்டும் சத்தமில்லாமல் நடந்திருந்தது.

இதை எட்டு மாதத்துக்கு நீட்டிப் பாருங்கள்.

என் கதையும் இதேதான். முதல் வேலையில் எனக்குக் கிடைத்த இடம் தண்ணீர் கேனுக்குப் பக்கம். யாரும் விரும்பாத இடம். மாடி முழுக்க அங்கேதான் பாட்டில் நிரப்ப வரும். அப்படி வருபவர்களில் ஒருவரை முதல் மாதம் கவனித்ததாகவே ஞாபகம் இல்லை. மூன்றாம் மாதம், மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்ட அவருடைய பச்சைப் பாட்டில் பதினோரு மணிக்கு வராவிட்டால் எனக்கு வேலை ஓடவில்லை. அமைதியானவர், மென்மையாகப் பேசுபவர் என்று மனசுக்குள் ஒரு ஆளையே செய்து வைத்திருந்தேன்.

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்: "பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, கேன் காலியானா மாத்த மாட்டீங்களா?"

நான் செய்து வைத்திருந்த ஆள் அங்கேயே காலி.

அருகில் இருந்தாலே போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். கலிஃபோர்னியாவின் ஒரு குடியிருப்பில் நடந்த ஆய்வு (1976) சொல்வது, நண்பர்கள் மட்டுமல்ல, ஆகாதவர்களும் பக்கத்து வீட்டில்தான் இருந்தார்கள் என்று. வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்ட எவருக்கும் இது புதிதில்லை. எரிச்சல் இருக்கும் இடத்தில் தினமும் போய் நின்றால் எரிச்சல்தான் வளரும். பின்னாலேயே சுற்றினால் மனசு மாறும் என்பதெல்லாம் சினிமாக் கணக்கு. அந்த வகுப்பில் உட்கார்ந்த பெண்கள் யாரையும் துரத்தவில்லை.

எனவே, இது காதலா என்றால், இன்னும் இல்லை. ஒரு முகமும், அதைச் சுற்றி நீங்கள் எழுதிய கதையும் இருக்கின்றன. ஒருநாள் சாதாரணமாக, "இன்னைக்கு வண்டி லேட்டோ?" என்று கேளுங்கள். ஒற்றை வார்த்தையில் பதில் வந்து முகம் ஜன்னல் பக்கம் திரும்பினால் அதுதான் பதில், விட்டுவிடுங்கள். பேச்சு வளர்ந்தால், நீங்கள் எழுதிய கதையில் பாதி தப்பு என்று தெரியவரும். அப்புறமும் பிடித்திருக்கிறதா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்திருந்தது. திட்டு வாங்கிய மறுமாதம் கேனை மாடியின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். நான் அதற்கு முன் அலுவலகத்தில் அவ்வளவு தண்ணீர் குடித்ததே இல்லை. காலி கேனை மாற்றியதும் பெரும்பாலும் நான்தான். வீட்டில் இப்போதும் அது என் வேலை.