மெட்டாபிளேசியா என்று அறிக்கை வந்தால் என்.பி.ஐ. எண்டோஸ்கோப்பி தேவையா?

பயாப்ஸி அறிக்கையில் ‘இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா’ என்று வந்திருக்கிறது, என்.பி.ஐ. (நேரோ பேண்ட் இமேஜிங், குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் பாய்ச்சி உட்சுவரைப் பார்க்கும் முறை) வசதியுள்ள கருவியில் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர், ஒருமுறை பார்த்த வயிற்றை மறுபடி எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் செய்துகொள்ளுங்கள். எண்டோஸ்கோப்பி அறையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் செவிலியர் நான். சாதாரண ஒளியில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்த இடம், பொத்தானை அழுத்தியதும் வேறு முகம் காட்டுவதை அன்றாடம் பார்க்கிறேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இது புற்றுநோய் அல்ல. இரைப்பையின் உட்சுவரில் அங்கங்கே குடலின் செல்களைப் போன்ற செல்கள் வந்துவிட்டன என்பதுதான் இதன் பொருள். பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி ஆண்டுக்கணக்கில் உண்டாக்கிய அழற்சியின் விளைவு. நாள்பட்ட அழற்சி, சுரப்பிகள் நலிதல், மெட்டாபிளேசியா, டிஸ்பிளேசியா (செல்கள் இயல்பு கெட்டுப் புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்குப் போவது), அதன் பிறகே புற்றுநோய் என்று படிப்படியாகப் போகும் பாதை இது. நீங்கள் இருக்கும் படியிலேயே நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். ஆனால் யாருக்கு அது மேலே நகரக்கூடும் என்று கணிக்க, மாற்றம் இரைப்பையில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டும். உங்கள் டாக்டர் மறுபடி பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

வெள்ளை ஒளியில் இந்தத் திட்டுகள் பலருக்குத் தட்டையாக, சுற்றியுள்ள இடத்தின் நிறத்திலேயே இருக்கும். தேர்ந்த கண்ணுக்குக்கூடத் தப்பிவிடும். என்.பி.ஐ.யில் 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய நீல ஒளியும் பச்சை ஒளியும் மட்டுமே பயன்படுகின்றன. ரத்தத்தின் ஹீமோகுளோபின் இவை இரண்டையும் நன்றாக உறிஞ்சிக்கொள்வதால், மேற்பரப்பில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுப்பாகவும், சற்று ஆழத்தில் ஓடுபவை நீலப்பச்சையாகவும் பிரிந்து தெரிகின்றன. அந்தப் பழுப்புப் பின்னணியில் மெட்டாபிளேசியா வெளிர்நீலம் கலந்த வெண்திட்டாக நிற்கும். உருப்பெருக்கிப் பார்த்தால் மேடுகளின் விளிம்பை ஒட்டி மெல்லிய வெளிர்நீலக் கோடு ஒன்று ஓடும். முதல்முறை பார்க்கும் பயிற்சி மருத்துவர்கள்கூட அதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

இப்படிப் பார்த்து மதிப்பெண் போடவும் ஒரு முறை இருக்கிறது, இ.ஜி.ஜி.ஐ.எம். என்பார்கள். இரைப்பையின் ஐந்து பகுதிகளுக்குத் தலா 0 முதல் 2 வரை, மொத்தம் 10. மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் என்றால் மாற்றம் பரவலாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 2019இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, பரவலாக இருப்பவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஒரே இடத்தில் மட்டும் இருந்து, வேறு ஆபத்துக் காரணிகளும் இல்லையென்றால் பெரும்பாலும் தொடர் கண்காணிப்பே வேண்டியதில்லை.

ஆனால் ஒளியை மட்டும் நம்பிப் பயனில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். உட்சுவரில் சளியும் நுரையும் படிந்திருந்தால் எந்த நவீன ஒளியும் அதைத் தாண்டிப் பார்க்காது. என்.பி.ஐ.யில் பித்தநீர் ரத்தம் போலச் சிவப்பாகத் தெரியும்; துளி ரத்தம் கறுப்பாகிக் காட்சியை மறைத்துவிடும். அதனால்தான் நுரையைப் போக்கும் சிமெத்திகோன் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கிறோம். உள்ளே போன பிறகும் சிரிஞ்சால் நீரைப் பீய்ச்சி, உறிஞ்சி, மறுபடி பீய்ச்சிக் கழுவுகிறோம். பிறகு இரைப்பையைக் காற்றால் நன்றாக விரித்து, மடிப்புகளுக்கு இடையிலும் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல்முறை செய்யும் பரிசோதனைக்கே, குழாய் உள்ளே போவது முதல் வெளியே வருவது வரை ஏழு நிமிடமாவது ஆக வேண்டும் என்பது ஐரோப்பியத் தர அளவுகோல். குமட்டல் உங்களுக்கு மிகவும் சிரமம் தருமானால், மயக்க மருந்து வேண்டும் என்று முன்பே கேளுங்கள். நீங்கள் திணறும்போது யாராலும் பொறுமையாகப் பார்க்க முடியாது.

சந்தேகமான இடத்தை ஒளி காட்டும். உறுதி செய்வது பயாப்ஸிதான். இரைப்பையின் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் எடுத்த திசுக்கள் தனித்தனிக் குப்பியில் போகின்றனவா என்று கேளுங்கள். எல்லாம் ஒரே குப்பியில் போய்விட்டால் மாற்றம் எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு சொல்லவே முடியாது. பழைய எண்டோஸ்கோப்பி படங்களையும் பயாப்ஸி அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.

கிருமி இருப்பதாகச் சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால், அது ஒழிந்ததா என்று சோதிப்பதை விட்டுவிடாதீர்கள். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், டாக்டரிடம் கேட்டு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடலாம்.