ஆசனவாய் அரிப்பு: கூச்சப்படாமல் கேளுங்கள்

கேள்வி: மூன்று மாதமாக அரிப்பு. ஒவ்வொரு தடவையும் கிருமிநாசினி சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் கழுவுகிறேன். அப்படியும் நிற்கவில்லை ஐயா.

பதில்: தம்பி, அந்தத் தேய்ப்புதான் நிற்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அந்த இடத்துத் தோல் மிக மெல்லியது. சோப்பு அதன் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடும், தேய்ப்பதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கீறலில் துளி மலம் பட்டாலும் அரிக்கும். சொறிந்தால் இன்னும் கீறல். சுத்தக் குறைவு என்று நினைத்து நீங்கள் மேலும் தேய்க்கிறீர்கள், பாவம்.

இன்றிலிருந்து வெறும் தண்ணீர் மட்டும். பைப்பை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். ஈரம் காய்ந்த பிறகே பருத்தி ஜட்டி. குழந்தைகளுக்கு டயப்பர் புண்ணுக்குப் போடுவார்களே, ஜிங்க் ஆக்சைடு களிம்பு, அதை மெல்லிசாகப் பூசலாம். வாசனை போட்ட வெட் வைப்ஸ் வேண்டவே வேண்டாம். சில வாரம் பொறுமையாகச் செய்து பாருங்கள்.

கேள்வி: காபியை விடணுமா?

பதில்: சிலருக்குக் காபி, மிளகாய், தக்காளி தூண்டும். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் தாராளமாகக் குடியுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகள் ராத்திரி மட்டும் அரிக்குது என்று அழுகிறாள். இனிப்பு அதிகமாகத் தின்றதாலா?

பதில்: இனிப்பைக் குறை சொல்லாதீர்கள் அம்மா, இது கீரிப்பூச்சியாக இருக்கலாம். தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் துண்டு போல, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் நெளியும். பெண் புழு முட்டையிட வெளியே வருகிற நேரம் அது. சொறிகிற நகத்தில் முட்டை ஒட்டி, வாய் வழியாகத் திரும்ப உள்ளே போகும். அல்பெண்டசோல் மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. பள்ளியில் கொடுக்கிற ஒரு மாத்திரையோடு விட்டால் திரும்ப வரும். டாக்டரைக் கேட்டு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போடுங்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் போடக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, போர்வையை உதறாமல் சுருட்டிச் சுடுநீரில் துவையுங்கள்.

கேள்வி: மெடிக்கலில் தந்த க்ரீம் போட்டால் அடங்குது, விட்டால் தொடை இடுக்கு வரை பரவுது. சுகரும் இருக்கு.

பதில்: படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். உங்கள் க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அப்படிப்பட்ட க்ரீம் அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். அதை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் அந்த டியூபையும் எடுத்துப் போங்கள். சுகரையும் பாருங்கள், அது கூடினால் பூஞ்சை அடங்காது.

கேள்வி: வயது 52. அரிப்போடு கொஞ்சம் ரத்தமும் வருது. மூலம்தானே? நாட்டு மருந்து போதுமா?

பதில்: மூலமாகவோ வெடிப்பாகவோ இருக்கலாம் அண்ணா. ஆனால் பார்க்காமல் சொல்லக் கூடாது, குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். விரலை விட்டுப் பார்க்கிற பரிசோதனை ஓரிரு நிமிடம்தான். இந்த வாரமே அறுவை சிகிச்சை டாக்டரைப் பாருங்கள். எடை குறைகிறதா, மலம் போகிற பழக்கம் மாறியிருக்கிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.