பூட்டிய வீட்டு அம்பாசிடர்: கேள்வி பதில்

பழைய அம்பாசிடர், பத்மினி கார் வைத்திருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். இத்தனை கேள்வி வந்து குவியும் என்று நினைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. காரைக்குடியில் ஒரு மார்க் 4 அம்பாசிடரை இருபது வருஷமாகக் கையில் கிரீஸோடு பார்த்துக்கொள்கிறவன், அவ்வளவுதான். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். கானாடுகாத்தான் வீட்டில் அப்பச்சியின் அம்பாசிடர் 11 மாதமாக ஷெட்டிலேயே நிற்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுக்கலாமென்று இருக்கிறேன். புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்தால் போதுமா?

அடித்துவிடாதீர்கள் தம்பி. நம் ஊர்க் கார்களில் பாதி ஓடிக் கெட்டதில்லை, நின்று கெட்டதுதான். வீட்டைப் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பதுபோல் காரையும் வருஷத்துக்கு ஒருமுறை திறந்தால், உள்ளே எண்ணெய் முழுக்க கீழே வடிந்து, சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் பிஸ்டன் ரிங் வெறும் இரும்பில் தேய்கிறது.

நாலு ப்ளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஹேண்டில் தொலைந்துபோயிருந்தால் டாப் கியரில் போட்டு வண்டியை லேசாகத் தள்ளினாலும் எஞ்சின் சுற்றும். தடையில்லாமல் சுற்றினால், ப்ளக் இல்லாமலேயே செல்ஃபில் விட்டு விட்டுச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ப்ளக்கைப் போடுங்கள். அதற்குமுன் டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடித்து முகர்ந்து பாருங்கள், வார்னிஷ் வாடை அடித்தால் மொத்தத்தையும் வடித்துவிடுங்கள், கார்பரேட்டரில் இருப்பதையும் சேர்த்து.

எலி வயரைக் கடித்திருக்கிறதா, ஏர் கிளீனருக்குள் கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பள்ளத்தூர் நண்பர் ஒருவர் வண்டியில் அரைப்படி நெல் இருந்தது. டயர் பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள், முதல் இரண்டு எண் வாரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு எண் வருஷத்தை. 2312 என்று இருந்தால் அது 2012-ன் 23-வது வாரம். அதைப் போட்டுக்கொண்டு திருச்சி ரோட்டில் போகாதீர்கள்.

அடுத்த தடவை கிளம்பும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போக வேண்டாம், லைனிங் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பேட்டரி வயரையும் கழற்றிவிட்டுப் போங்கள்.

பத்மினி. மதுரைக்குப் போகும்போது மேலூர் தாண்டினதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. வேப்பர் லாக்தானே?

இருக்கலாம். ஆனால் இந்த வியாதிக்கு இரண்டு காரணம் உண்டு, அறிகுறி ஒன்றேதான். வெயிலில் பம்பும் பைப்பும் சுட்டு பெட்ரோல் ஆவியாகி வரத்து நின்றால் அது வேப்பர் லாக். டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டென்சரோ இக்னிஷன் காயிலோ சூடேறி மடங்கினாலும் இதேபோல் நின்று, ஆறினதும் கிளம்பும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். என் வண்டி இப்படி நின்றபோது வேப்பர் லாக் என்றே முடிவு கட்டி, பம்பை மாற்றினேன், கார்பரேட்டர் கிட் போட்டேன், பெட்ரோல் பைப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறுகூடச் சுற்றினேன் (அதைச் செய்யாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு). மூன்று மாதம் கழித்து, தீப்பெட்டி அளவுகூட இல்லாத கண்டென்சரை மாற்றினேன், சரியாகிவிட்டது.

அதனால் வண்டி நிற்கும் அந்த இடத்திலேயே, ஆறுவதற்குள் பாருங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி ஆக்ஸிலரேட்டரைக் கையால் இழுத்தால் கார்பரேட்டர் வாய்க்குள் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சினால் பெட்ரோல் வருகிறது, குற்றம் கரண்டில். அப்போது ஒரு ப்ளக்கைக் கழற்றி வயரோடு எஞ்சின் இரும்பில் வைத்து, கார்பரேட்டர் பக்கத்திலிருந்து தள்ளிப் பிடித்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். தீப்பொறி நீலமாக, சத்தத்தோடு வரவேண்டும், மஞ்சளாக மெலிந்து வந்தால் கண்டென்சர், அப்புறம் காயில். பெட்ரோல் பீச்சவில்லை என்றால் பம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள். ஐந்து நிமிஷத்தில் கிளம்பினால் நீங்கள் சொன்னது சரி.

இ20 பெட்ரோல் ஊற்றினால் பழைய எஞ்சின் போய்விடும் என்கிறார்களே?

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எஞ்சினைவிட ரப்பருக்குத்தான் முதல் ஆபத்து. எத்தனால் பழைய ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துப் பிசுபிசுப்பாக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், மேலே ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கார்பரேட்டர் வண்டியில் கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்துபோகும், ப்ளக் முனை வெள்ளையாகத் தெரிந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டியின் டேங்கில் இந்தப் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

டேப்பெட் சத்தம். நானே வைக்க முடியுமா? எந்த வால்வு எப்போது என்பதுதான் குழப்பம்.

டேப்பெட் வைப்பது என்றால் வால்வு இடைவெளியைச் சரிசெய்வதுதான். அம்பாசிடர் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் என்றால் தாராளமாக வைக்கலாம், ஒன்பது கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 8-வது முழுதாக அமுங்கியிருக்கும்போது 1-ஐ வையுங்கள், 6 அமுங்கியிருந்தால் 3-ஐ, 4 அமுங்கியிருந்தால் 5-ஐ. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தௌ), அதாவது 0.38 மில்லிமீட்டர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆக ஒரு ஃபீலர் கேஜ் தகட்டிலேயே இரண்டு வேலையும் முடிந்துவிடும். கொஞ்சம் சத்தம் இருந்தால் இருக்கட்டும், சத்தமே கேட்கக்கூடாதென்று இறுக்கினால் வால்வு உட்காராமல் எரிந்துவிடும். பத்மினிக்கு இந்த அளவு பொருந்தாது, அதன் மேனுவலைப் பாருங்கள்.

ரேடியேட்டர் கொதிக்கிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார், அப்படியும் கொதிக்கிறது.

திரும்பப் போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் காலையில் சூடேறவே நேரமாகும், பெட்ரோலும் தேய்மானமும்தான் கூடும். கொதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர். நம் பக்கம் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி பிளாக்குக்குள் சுண்ணாம்பு கட்டியிருக்கும், முக்கியமாகப் பின்பக்கம், 4-வது சிலிண்டர் ஓரத்தில். பிளாக்கில் இருக்கும் டிரெயின் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, கம்பி விட்டுக் குத்த வேண்டும், சேறு வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிவிட்டு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிப்பாதி. டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காத நாளில் முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீரை வடிகட்டி ஊற்றியிருக்கிறேன், முதல் மழையை ஓடவிட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்தது. இதெல்லாம் செய்தும் கொதித்தால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். வண்டி நின்ற இடமெல்லாம் ஆயில் சொட்டு. அப்பத்தா திட்டுகிறார்.

திட்டத்தான் செய்வார், அந்த சிமென்ட் கல் எண்ணெயைக் குடித்தால் கறை போகாது. ஆனால் அந்தக் காலத்து அம்பாசிடர் எஞ்சினில் பின்பக்க கிராங்க் முனையில் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் மரை மட்டும்தான். அதனால் கொஞ்சம் சொட்டும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், பிரீதர் குழாய் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். அதற்குமேல் ஒரு தகரத் தட்டில் ஆற்றுமணலைப் போட்டு அடியில் தள்ளிவையுங்கள்.

ஜாக்கி போட்டுப் பிரேக் வேலை பார்க்கலாமா? முட்டுக்குச் செங்கல் போதுமா?

செங்கல் வேண்டவே வேண்டாம், நொறுங்கினால் சொல்லிக்கொள்ளாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வாங்குங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது ஈரத்தை இழுத்து வீல் சிலிண்டரைத் துருவாக்கும். பிரேக் பைப்பிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பியுங்கள், அதாவது பின் இடது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய பார்ட்ஸ் கிடைக்குமா?

எனாமல் தூக்கு கிடைக்கும். மாஸ்டர் சிலிண்டருக்கு சென்னை புதுப்பேட்டைதான்.

என் வீட்டுக்காரர் வைத்திருந்த 1968 ஃபியட் 1100. மாப்பிள்ளை வின்டேஜ் பதிவு வாங்கிவிடலாம் என்கிறார். வாங்கலாமா? (தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி)

50 வருஷம் தாண்டிவிட்டதால், பெரிதாக எதுவும் மாற்றாமல் இருந்தால் 2021-ல் வந்த விதிப்படி வாங்கலாம் ஆச்சி. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் விஏ என்று வரும். ஆனால் அந்தப் பதிவோடு அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று எடுக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையார்பட்டிக்கு அதில்தான் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போதுள்ள ஆர்சியையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள். வாராவாரம் ஓடுகிற வண்டி என்பதால்தான் உங்கள் கடிதத்தில் ரிப்பேர் கேள்வி ஒன்றுகூட இல்லை.