மணவாளக்குறிச்சி மணலில் நின்றுபோகும் ரிமோட் கார்: மோட்டாரை மாற்ற வேண்டாம்

தம்பி, புதிதாக வாங்கிய 1/10 அளவு ரிமோட் கார் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பத்து நிமிடத்திலேயே நின்றுவிடுகிறது, மோட்டார் தொட முடியாத சூடு, பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாராக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம், காசு வீண். சிக்கல் பெரும்பாலும் ஓட்டும் இடத்தில்தான்.

இளகிய மணலில் சக்கரம் புதையப் புதைய மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். சூடு எல்லை தாண்டினால் பெரும்பாலான இஎஸ்சிகள் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) தாமாகவே நிறுத்திவிடும். அதோடு உங்கள் ஊர் மணல் சாதாரண மணல் இல்லை, இல்மனைட் என்ற இரும்பு, டைட்டானியத் தாது கலந்த கருமணல். வலுவான காந்தம் அதை இழுக்கும். மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தானே! காற்றுத் துளை வழியாக உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

மோட்டாரைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் பினியனுக்கும் (மோட்டார் தண்டில் உள்ள சின்னப் பல்சக்கரம்) ஸ்பர் கியருக்கும் (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்) நடுவே ஒரு மெல்லிய காகிதத்தைக் கொடுத்து, மோட்டாரை நெருக்கித் திருகை முடுக்குங்கள். காகிதத்தை உருவினால் இடைவெளி சரியாக இருக்கும். கெட்டியான தரையிலும் சூடேறினால் ஒரு பல் குறைந்த பினியன் போடுங்கள். வேகம் கொஞ்சம் போகும், சூடு தணியும்.

ஓட்டுவதற்குக் கோடையில் வற்றிய குளத்தடியோ விளையாட்டு மைதானமோ போதும். கடற்கரை ஆசை விடாவிட்டால், வீடு வந்ததும் பேரிங்கைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்பு சும்மா விடாது. பேட்டரி லிப்போ (லித்தியம் பாலிமர்) என்றால் செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஓட்டாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வையுங்கள்.