புது எம்5 நம்ம மலைநாட்டு ரோட்டுக்கு ஒத்து வருமா? கேட்டவங்களுக்கு என் பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் கொட்டகலை ஆளு. பதினாலு வருஷம் துபாய்ல ஜெர்மன் கார் கராஜ்ல வேலை செஞ்சுட்டு போன வருஷம்தான் ஊரோட வந்து சேந்தேன். புது பிஎம்டபிள்யூ எம்5, அதான் 2024 கடைசியில வந்த ஜி90 மாடல், அதை லிப்ட்ல ஏத்தி அடியில நின்னு பாத்திருக்கேன். ஒரு தடவை கார்க்காரரே கூட்டிட்டுப் போய் ஜெபல் ஜைஸ் மலை ரோட்டுல என் கையில ஸ்டியரிங்கைக் குடுத்தாரு. அதைப் பத்திச் சொன்னதிலருந்து நெறய பேர் கேள்வி அனுப்பிட்டே இருக்கீங்க, அதான் எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பதில் எழுதுறேன்.

தலவாக்கலை தம்பி: அண்ணே, "ரெண்டரை டொன் காரு எப்பிடி எம்5 ஆகும்"னு எல்லாரும் திட்டுறாங்களே, நீங்க என்ன சொல்றீங்க?

தம்பி, திட்டுறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா பாதிதான். மொதல்ல கணக்கப் பாருங்க. 4.4 லீற்றர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், ரெண்டு டர்போ, அது மட்டும் 585 குதிரைசக்தி. கியர்பொக்ஸுக்குள்ளயே ஒரு மின்சார மோட்டார், 197. ரெண்டும் சேந்து 727, இழுவை 1,000 நியூட்டன் மீற்றர். எடை மட்டும் 2,435 கிலோ. இதுக்கு முன்னாடி வந்த எப்90 மாடலை விட 500 கிலோவுக்கு மேல கூட. 500 கிலோன்னா என்னன்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணுமா, எங்கம்மா நாள் முழுக்க மலையில நின்னு 18 கிலோ கொழுந்து எடுத்தாத்தான் பேரு (முழு நாள் சம்பளம்), அப்ப இது இருபத்தெட்டு பேர் ஒரு நாள் எடுத்த கொழுந்து, அத்தனையும் எப்பவும் அந்தக் காருக்குள்ள ஒக்காந்திருக்குன்னு வச்சுக்கங்க.

நேர் ரோட்டுல, ஏத்தத்துல அந்த எடை தெரியவே தெரியாது, அதை நான் சத்தியமா சொல்றேன். நூறு கிலோமீற்றர் வேகத்துக்கு 3.5 செக்கன். டர்போ காத்து கட்டுறதுக்கு முன்னாடியே மோட்டார் தள்ளிடும், ஜைஸ் ஏத்தத்துல பெடலைத் தொட்ட ஒடனே முதுகு சீட்டுல ஒட்டிக்கிச்சு. பின் சக்கரமும் கொஞ்சம் திரும்புறதால முடக்குல இவ்ளோ பெரிய காருன்னு நெனைப்பே வரல. ஆனா அதே ரோட்டுல இறங்கும்போது வேற கதை. முடக்குக்கு முன்னாடி பிரேக் வைக்கிறப்ப வண்டி நிக்கும், நல்லாவே நிக்கும், ஆனா பின்னாடி இருந்து யாரோ தோளைப் புடிச்சுத் தள்ளுற மாதிரி ஒரு உணர்வு இருக்கும். அது எடை. என்ன எலெக்ட்ரோனிக் போட்டாலும் அந்த எடையை இல்லாமப் பண்ண முடியாது. என் அபிப்ராயம் இதுதான்: ஏறுறதுக்கு இதை விட நல்ல கார் நான் ஓட்டினதில்ல, இறங்குறதுக்கு இதை விட நல்ல எம்5 இருந்திருக்கு.

பண்டாரவளையிலருந்து ஒருத்தர்: ஹைபிரிட்னா இறக்கத்துல தானா சார்ஜ் ஆகி பிரேக்கைக் காப்பாத்தும்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்விக்காகவே எழுத ஒக்காந்தேன்னு சொல்லலாம், ஏன்னா இதை யாரும் நம்ம ரோட்டுக்கு வச்சுக் கணக்குப் பாத்துச் சொல்லல.

நுவரெலியா 1,868 மீற்றர் ஒயரம். அங்கருந்து லபுக்கலை, இறம்பொடை சுரங்கம், புசல்லாவ வழியா கம்பளைக்கு எறங்கினா கிட்டத்தட்ட 1,400 மீற்றர் எறக்கம். ஆளு, சாமான் எல்லாம் சேத்து 2,600 கிலோன்னு வையுங்க. அந்த ஒயரத்துல இருந்து எறங்குறப்ப வெளிய வர்ற சக்தி சுமார் 10 கிலோவாட் அவர், கரண்ட் பில்லுல வர்ற பத்து யூனிட். அதுல பாதி டயர் உருளுறதுல, காத்தை கிழிக்கிறதுல போயிரும், மிச்சம் அஞ்சு எங்கயாவது போயாகணும். ஒண்ணு மோட்டார் டைனமோ மாதிரி சுத்தி பற்றரிக்குள்ள போகும், இல்லாட்டி பிரேக் டிஸ்க்ல சூடா போகும், மூணாவது எஞ்சின் பிடிச்சு நிறுத்தும், வேற வழியே இல்ல.

இப்ப பாருங்க, இந்தக் கார்ல பாவிக்கக்கூடிய பற்றரி 18.6 கிலோவாட் அவர். நுவரெலியா ஹோட்டல்ல ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டு நூறு வீதம் நிரப்பிட்டு காலையில எறங்கினா, அந்த அஞ்சு போறதுக்கு எடமே கெடையாது. பானை நெறஞ்சதுக்கு அப்புறம் தண்ணி ஊத்தின கதைதான். அதனால மேல இருந்து எறங்குறவங்க பற்றரியில கால்வாசிக்கு மேல காலியா வச்சுட்டுத்தான் எறங்கணும், ஊருக்குள்ள ரெண்டு ரவுண்டு மின்சாரத்துல சுத்திட்டு வந்தாலும் சரி. அதோட கியரை கையில எடுத்து ரெண்டு, மூணுல போட்டு வி8ஐயும் பிடிக்க விடுங்க. பெடல் மேல காலை வச்சு அமத்திட்டே வரவே கூடாது, அமத்தி வேகத்தைக் கொறைச்சுட்டு விட்டுறணும், டிஸ்க் மூச்சு விடணும்.

பதினாறு வயசுல ஒரு வேன்ல கிளினரா போனேன், இறம்பொடை எறக்கத்துல பாதியிலயே ரப்பர் கருகுற மாதிரி வாசம் வந்துச்சு, டிரைவர் அண்ணன் ஒண்ணும் பேசல, ரெண்டாவது கியருக்கு மாத்தி மண் மேட்டோரமா ஒரசி நிறுத்தினாரு. இறங்கிப் பாத்தா முன் சக்கரத்துல இருந்து நீலப் புகை. பக்கத்து பீலியில தண்ணி புடிச்சு ஊத்தப் போனேன், கையைப் புடிச்சுட்டாரு, சூட்டுல ஊத்தினா டிஸ்க் வெடிச்சுரும்டான்னாரு. ஒரு மணித்தியாலம் அங்கயே நின்னோம். அன்னைக்குப் படிச்சது இன்னைக்கு 727 குதிரைசக்தி காருக்கும் அப்பிடியே பொருந்தும். 2023 ஜனவரியில ரதல்ல குறுக்கு ரோட்டுல பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்குமே.

கண்டியிலருந்து ஒரு அண்ணன்: பழைய ஈ60 எம்5ல வி10 இருந்துச்சே, அந்தச் சத்தத்துக்கு இது வருமா?

சத்தத்துக்கு வராது அண்ணே. 5 லீற்றர் வி10, 507 குதிரைசக்தி, டர்போ இல்லாதது, அது கூவுற கூவுக்கு இந்த வி8 என்ன பண்ணினாலும் ஈடு இல்ல, காது இருக்கிற யாரும் ஒத்துக்குவாங்க.

ஆனா ஒரு விஷயம், நுவரெலியா ஒயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட சுமார் அஞ்சுல ஒரு பங்கு கொறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்தக் காத்தைத்தான் மூச்சா இழுக்கணும், அப்ப அந்த 507ல ஒரு நூறு குதிரை கொழும்புலயே நின்னுரும். டர்போ எஞ்சின் காத்தை அமுக்கிக் குடுக்கிறதால அவ்வளவா விழாது, மின் மோட்டாருக்கோ காத்தே தேவையில்ல. கொழும்புல வி10, மேல வந்தா டர்போ. ஏப்ரல் சீசனுக்கு மஹகஸ்தோட்ட மலையேத்தப் போட்டி பாக்கப் போறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், சின்ன டர்போ கார் பெரிய எஞ்சின் காரை அந்த முடக்குகள்ல அழ வைக்கும்.

ஹட்டன் அக்கா ஒருத்தவங்க: பெற்றோலே இல்லாம ஹட்டன்ல இருந்து நுவரெலியா போயிரலாமா?

போகலாம் அக்கா, ஆனா மட்டு மட்டாத்தான். கம்பெனி சொல்றது மின்சாரத்துல மட்டும் 67லருந்து 69 கிலோமீற்றர். நம்ம தூரம் நாப்பத்தஞ்சு கிட்ட, ஆனா 600 மீற்றர் ஏத்தம் இருக்கு, அந்த ஏத்தத்துக்கு மட்டும் தனியா 4 கிலோவாட் அவர் வேணும். மெதுவா போனா நானுஓயா தாண்டி சேந்துருவீங்க, ஹீட்டர் போட்டா நடுவுல வி8 எழும்பிரும்.

எனக்கு இந்தக் கார்ல ரொம்பப் புடிச்சதே இதுதான். விடிய அஞ்சு மணிக்கு லயத்துப் பக்கமா போறப்ப புள்ளைங்க தூக்கத்தைக் கெடுக்காம சத்தமில்லாமப் போயிரலாம், மெயின் ரோட்டுக்கு வந்ததும் எஞ்சினைப் போடலாம். இந்தக் கொணம் பழைய எம்5 எதுக்கும் இல்ல.

கினிகத்தேனயிலருந்து: அகலம் பிரச்சினையா?

ஆமா. 1,970 மில்லிமீற்றர், அதுவும் கண்ணாடி இல்லாம. நீளம் 5,096. வட்டவளைப் பக்கம் முடக்குல எதிர்ல இ.போ.ச. பஸ் வந்தா நீங்க வடிகான் கல்லுல டயரை ஒரசித்தான் ஒதுங்கணும், முன்னாடி 285/40 இருபது இஞ்சி, பின்னாடி 295/35 இருபத்தோரு இஞ்சி, அந்த சைட்வோல்ல, அதான் டயர் பக்கவாட்டுல, சதையே கெடையாது. ஸ்பெயார் வீலும் இல்ல. மூடுபனியில நடு ரோட்டுல நிக்கிற நெலமையை யோசிச்சுப் பாருங்க. ஜைஸ்ல ரோடு அகலம், கண்ணாடி மாதிரி தார், அங்க இந்தக் காரு ராஜா. நம்ம ரோட்டுல ஹோர்ன் அடிச்சுட்டு பொறுமையா போறவங்கதான் ராஜா.

ராகலை: என்ன பெற்றோல்?

95 ஒக்டேன். 92ஐ நெனைக்கவே வேணாம். மேல வர முன்னாடியே பெரிய டவுன்ல டேங்கை நெரப்பிக்கங்க, சின்ன பெற்றோல் செட்டுல 95 தீந்து போறது உண்டு.

வெலிமடையிலருந்து: மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஈ53, அல்பா ரோமியோ ஜூலியா, பிஎம்டபிள்யூ எம்3 இதெல்லாம் வச்சு ஒப்பிட்டா?

ஈ53யும் ஹைபிரிட்தான், ஆறு சிலிண்டர், 585 குதிரைசக்தி, அதுவும் கனமான கார்தான், நீண்ட பயணத்துக்கு சொகுசு. ஜூலியா குவாட்ரிபோலியோ ஸ்டியரிங் மாதிரி இன்னொண்ணு இல்ல, விரல் நுனியில ரோட்டு மண்ணு தெரியும், ஆனா இங்க பார்ட்ஸுக்கு அலைய வேண்டி வரும். எனக்குக் காசு இருந்தா, நம்ம மலைக்கு மட்டும்னு கேட்டா, எம்3 எடுப்பேன். 1,903 மில்லிமீற்றர் அகலம், எடையில எம்5ஐ விட அறுநூறு, எழுநூறு கிலோ கொறைவு. ஊவா பக்கம், பண்டாரவளை ஹப்புத்தளை ரோட்டுல அதுக்கு மேல சக்தி வச்சு எங்க பாவிக்கப் போறீங்க?

கொழும்புல வேலை செய்ற மஸ்கெலியா தம்பி: இங்க எடுத்தா எவ்ளோ முடியும்?

ஜெர்மனியில ஆரம்ப வெலை 144,000 யூரோவுல வந்துச்சு. இங்க 2020ல நிப்பாட்டின தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரி 1லதான் தெறந்தாங்க. சுங்க வரி, அதுக்கு மேலதிக வரி, உற்பத்தி வரி, சொகுசு வரி, அதோட 18 வீதம் வற். வரி மேல வரி ஏறுது தம்பி, அதனால ஒரு தொகை சொல்லி உங்களை ஏமாத்த விரும்பல, எடுக்கிறதுக்கு முன்னாடி சுங்க ஏஜென்ட்கிட்ட அன்னைக்கு உள்ள கணக்கை எழுத்துல வாங்குங்க. பெரிய எஞ்சினுக்கு வரியும் பெருசுன்னு மட்டும் மனசுல வச்சுக்கங்க.

புசல்லாவ பெரியவர் ஒருத்தர்: மகன், என்கிட்ட பழைய ஈ39 எம்5 இருக்கு, குடுத்துட்டு புதுசு எடுக்கலாமா?

ஐயா, தயவு செஞ்சு குடுக்காதீங்க. 4.9 லீற்றர் வி8, 400 குதிரைசக்தி, ஆறு கியர் கையால போடுறது, அகலம் 1,800 மில்லிமீற்றர்தான். உங்க ரோட்டுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி. வேனோஸ் யூனிட்டையும் (எஞ்சின் வால்வு தெறக்கிற நேரத்தை மாத்துறது) டைமிங் செயின் கைடையும் மட்டும் நல்ல மெக்கானிக் பாஸ் ஒருத்தர்கிட்ட காட்டிப் பாத்துக்கங்க, காலையில ஸ்டார்ட் பண்றப்ப கடகடன்னு சத்தம் கேட்டா தள்ளிப் போடாதீங்க. ரப்பர் புஷ் எல்லாம் வயசுக்கு இறுகி இருக்கும், மாத்தினீங்கன்னா வண்டி திரும்ப எளமையாயிரும். ஒரு நாள் கொட்டகலைப் பக்கம் வந்தீங்கன்னா எனக்கும் அதைப் பாக்கணும்.

நோர்வூட் தம்பி, ஏ.எல். முடிச்சவர்: இந்த மாதிரி ஹைபிரிட் கார் வேலை படிக்க ஆசை, எங்க தொடங்குறது?

ரொம்ப சந்தோசம் தம்பி. மொரட்டுவையில ஜெர்மன் டெக்னு சொல்ற இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கு, மொதல்ல அங்க விண்ணப்பம் போடுங்க. சிங்களமும் இங்கிலிசும் கொஞ்சம் கொஞ்சமா பழகுங்க, ஸ்கேனர்ல வர்றதெல்லாம் இங்கிலிஸ்தான்.

ஊர்ல கராஜ்ல நின்னு பழகுறதும் நல்லது, ஆனா ஹைபிரிட்ல செம்மஞ்சள் நெற வயரைக் கண்டா கையைப் பின்னாடி கட்டிக்கங்க. அது ஆளைக் கொல்ற வோல்டேஜ். சாவியை தூரமா வச்சு, பற்றரித் தொடர்பைத் துண்டிச்சு, கம்பெனி சொன்ன நேரம் முழுசா காத்திருந்து, இன்சுலேட் கையுறை போட்டு, மீட்டரை வச்சு பூச்சியம்னு கண்ணால பாத்த பெறகுதான் ஸ்பனர் எடுக்கணும். மீட்டரையும் மொதல்ல நல்லா இருக்கிற பற்றரி ஒண்ணுல வச்சு வேலை செய்யுதான்னு பாத்துட்டு வாங்க, ஏன்னா செத்த மீட்டரும் பூச்சியம்தான் காட்டும்.